சத்திரவைத்தியரான மேற்றிராணியார்

இன்று உங்கள் முன் வைக்க எண்ணியிருப்பது ருஷ்ய நாட்டுக் குருவானவர் ஒருவருடைய வரலாறு. அவர் 1877ஆம் ஆண்டு பிறந்து 1961ஆம் ஆண்டு மறைந்தவர். 84 ஆண்டு நீண்ட அவ்வாழ்விலே ஏறத்தாழ 11 ஆண்டுகள் சிறையிலும் தேசாந்தரத்திலும் கழிந்தன. அவர் செய்த குற்றம் யாது என்று விசாரித்தால், கடவுளை நம்பியமையும், அந்நம்பிக்கையை மறைக்க மறுத்தமையுமே என்று சொல்ல வேண்டும். ஆயின், அவரைச் சிறையிலிட்ட அதே அரசாங்கம், அவர் இயற்றிய வைத்திய நூல்களுக்காகத் தன் நாட்டின் மிக உயர்ந்த பரிசை அவருக்கு அளித்தது. இவ்விரு செயல்களும் ஒரே மனிதர்மேல் எவ்வாறு நிகழ்ந்தன என்பதே நாம் இன்று எண்ணிப் பார்க்க வேண்டிய விடயம்.

அவர் இயற்பெயர் வாலந்தீன் வோய்னோ-யாசெனெத்ஸ்கி. கருங்கடலோரத்திலுள்ள கிரைமியாவில், கேர்ச் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் மருந்துச்சாலை நடத்தியவர், ரோமன் கத்தோலிக்கர். தாயார் ருஷ்ய மக்களிற் பெரும்பாலோர் சார்ந்திருந்த ஓர்த்தடொக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தவர். பிள்ளையும் அத்திருச்சபையிலேயே வளர்ந்தது. பின்னர் குடும்பம் கீவ் நகரிலே குடியேறியது.

இளமையில் அவருக்கு ஓவியத்திலே பெருவிருப்பம். கீவ் நகரத்து ஓவியப் பாடசாலையிலே பயின்று, தலைநகராகிய பீற்றர்ஸ்பேர்க்கிலிருந்த கலைக்கழகத்திற் சேரவும் புறப்பட்டார். அங்கே அவர் மனத்தில் ஒரு கேள்வி பிறந்தது. நாட்டிலே எண்ணற்ற ஏழைகள் நோயாலும் அறியாமையாலும் துன்புற்றுக் கிடக்க, எனக்கு விருப்பமானதை மட்டும் செய்துகொண்டு வாழ எனக்கு உரிமை உண்டோ என்பதே அக்கேள்வி. ஓவியத்தை விட்டார். இடையிலே ஓராண்டு சட்டம் படித்தார். ஈற்றில், 1898ஆம் ஆண்டு கீவ் பல்கலைக்கழகத்து வைத்தியப் பகுதியிற் சேர்ந்தார். ஓவியம் பயின்ற கண்ணும் கையும் உடற்கூற்றியலுக்குப் பெரிதும் உதவின. 1903இல் பட்டம் பெற்றபோது, இவர் பேராசிரியராவார் என்று உடன் பயின்றோர் எதிர்பார்த்தனர். அவரோ, குடியானவருக்கு வைத்தியம் செய்யும் கிராம வைத்தியராகவே வாழ்வேன் என்றார்.

1904இல் ருஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் போர் மூண்டது. செஞ்சிலுவைச் சங்கத்து வைத்தியக் குழுவொன்றுடன் கிழக்கே சென்று, காயமுற்ற வீரர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். அங்கே தாதியாகப் பணி செய்த அன்னா லான்ஸ்காயா என்பவரை மணம் புரிந்தார். போர் முடிந்தபின் 1917ஆம் ஆண்டு வரை பற்பல மாகாணங்களிலே, சிற்றூர் வைத்தியசாலைகளிலே பணியாற்றினார்.

அக்காலத்திலே நிகழ்ந்த ஒன்றைக் கேளுங்கள். பிள்ளைப்பருவம் முதற் கண்ணொளி இழந்திருந்த பிச்சைக்கார இளைஞன் ஒருவனுக்கு அவர் கண் சிகிச்சை செய்தார். அவன் பார்வை பெற்றான். சில மாதங்களின் பின், அவ்விளைஞன் சுற்றுவட்டாரத்துக் குருடர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு, ஒருவர் கோலை ஒருவர் பற்றிய நீண்ட வரிசையாக வைத்தியசாலை வாயிலுக்கு அழைத்து வந்தானாம். இன்னோர் ஊரிலே, பொலீஸ் அதிகாரி ஒருவர் தமக்குச் சுகவீனம் என்று ஆளனுப்பியபோது, கையிலிருந்த நோயாளிகளை விட்டுவிட்டு அக்கணமே ஓடிச்செல்லவில்லை என்பதற்காக, சார் மன்னருடைய அதிகாரிகள் அவரைப் புரட்சிக்காரர் என்று குறித்துப் பதவியினின்றும் நீக்கினர். பிற்காலத்திலே அவரைப் புரட்சியின் எதிரி என்று சிறையிலிட்டனர். இரு காலத்திலும் அவர் ஒரே மனிதராகவே இருந்தார்.

கிராமங்களிலே அவர் கண்ட பெருங்குறை ஒன்று. நோயாளியை முற்றாக மயக்கிச் சிகிச்சை செய்வதற்குத் தேர்ந்த உதவியாளர் அங்கில்லை. பழகாத கையால் மயக்கமருந்து கொடுப்பது, சத்திரசிகிச்சையைக் காட்டிலும் ஆபத்தாயிருந்தது. ஆகவே, குறித்த உறுப்புக்குச் செல்லும் நரம்பையே தேடி, அதனருகே மருந்தைச் செலுத்தி, அவ்வுறுப்பை மட்டும் உணர்விழக்கச் செய்யும் முறையை ஆராய்ந்தார். இவ்வாராய்ச்சி 1915இல் நூலாக வெளிவந்தது. 1916இல் அவருக்கு வைத்தியக் கலாநிதிப் பட்டத்தைப் பெற்றுத் தந்தது. வார்சோ பல்கலைக்கழகம் அந்நூலுக்கு ஒரு பரிசும் வழங்கியது. ஆனால் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க வேண்டிய படிகள் கையில் இல்லாதபடி நூல் விற்றுத் தீர்ந்துவிட்டமையால், பரிசுப் பணம் அவர் கைக்கு வந்து சேரவில்லை.

அதன்பின் சீழ்க்கட்டுகளைப் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதத் திட்டமிட்டார். பெனிசிலின் வழக்கில் வராத காலம் அது. சிறு சிராய்ப்பும் முள்ளும் சீழ்பிடித்துக் குடியானவர்களின் உயிரைக் கொண்டுபோயின. உடலுக்குள்ளே தசைகளின் இடைவெளிகள் வழியே சீழ் எப்படிப் பரவும், எவ்விடத்திலே கீறினால் அது முற்றாக வெளியேறும் என்பதை உடற்கூற்றின் துணைகொண்டு விளக்குவதே நூலின் நோக்கம். முன்னுரையை எழுதத் தொடங்கியபோது, இந்நூல் முற்றுப்பெறும் காலத்தில் இதன்மேல் ஒரு மேற்றிராணியாரின் பெயர் இருக்கும் என்னும் விசித்திரமான எண்ணம் தம் மனத்திலே தோன்றியதாக அவர் பிற்காலத்திற் கூறியிருக்கிறார். குருவாகும் நினைவே அப்போது அவருக்கு இருந்ததில்லை.

மனைவியாரைக் கசநோய் பற்றியது. வெப்பமான இடம் நன்று என்று கருதி, 1917ஆம் ஆண்டிலே மத்திய ஆசியாவிலுள்ள தாஷ்கண்ட் நகருக்குக் குடும்பத்தோடு சென்று, நகர வைத்தியசாலையின் தலைமைச் சத்திரவைத்தியரானார். அவ்வாண்டே புரட்சி வந்தது. உள்நாட்டுப் போரும் பஞ்சமும் தொடர்ந்தன. 1919இல் மனைவியார் இறந்தார்; நான்கு பிள்ளைகள் தாயை இழந்தனர். சத்திரசிகிச்சைக் கூடத்துத் தாதியாக அவருடன் பணிசெய்த சோஃபியா வெலெத்ஸ்காயா என்னும் பிள்ளையில்லா விதவை அப்பிள்ளைகளுக்குத் தாயாகி நின்றார். தந்தையார் சிறையிலும் பனிப்பாலையிலும் கிடந்த ஆண்டுகளிலே அப்பிள்ளைகளைக் காத்தவர் அந்த அம்மையாரே. இப்படிப்பட்டவர்களைப் பற்றி வரலாற்று நூல்கள் இரண்டொரு வரியோடு நிறுத்திவிடுகின்றன. நாம் அவ்வாறு கடந்துவிடலாகாது.

இனி, அக்காலத்து நிலையைச் சிறிது விளக்க வேண்டும். 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி திருச்சபை தன் சொத்துரிமையை இழந்தது. 1922இல் பஞ்ச நிவாரணம் என்னும் பெயரால் ஆலயப் பொருள்கள் பறிமுதலாயின. அது தொடர்பான வழக்கிலே பெத்ரோகிராத் நகரத்து மெத்ரொபொலித்தராகிய வெனியமீன் சுட்டுக் கொல்லப்பட்டார். திருச்சபையின் முதுபிதாவாகிய தீகோன் காவலில் வைக்கப்பட்டார். அவருக்கு எதிராக, அரசாங்கத்தின் ஆதரவோடு 'உயிருள்ள திருச்சபை' என்று தன்னை அழைத்துக்கொண்ட ஒரு பிரிவு கிளம்பி, ஆலயங்களைக் கைப்பற்றியது. குருவாயிருந்தவர்களே அங்கியைக் கழற்றி ஒதுங்கிய காலம் அது.

அந்தக் காலத்திலேதான் நம் வைத்தியர் அங்கியை அணிந்தார். திருச்சபைக் கூட்டமொன்றிலே அவர் உள்ளம் உருகிப் பேசியதைக் கேட்ட தாஷ்கண்ட் மேற்றிராணியார், டொக்டர், நீர் குருவாக வேண்டும் என்றார். கடவுளுக்குச் சித்தமானால் ஆவேன் என்று தயங்காது விடையிறுத்தார் அவர். 1921ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் குருப்பட்டம் பெற்றார். அப்போது அவர் புதிதாகத் தோன்றிய தாஷ்கண்ட் பல்கலைக்கழகத்திலே சத்திரசிகிச்சைப் பேராசிரியர். நீண்ட அங்கியும் மார்பிலே சிலுவையுமாக விரிவுரை மண்டபத்துக்குச் சென்றார். மாணவர் சிலர் திகைத்தனர், நண்பர் சிலர் வருந்தினர், தெருப்பிள்ளைகள் நகைத்தனர். சத்திரசிகிச்சைக் கூடத்திலே தேவமாதாவின் திருவுருவப் படம் ஒன்று வைத்திருந்தார். கத்தியை எடுக்குமுன் அப்படத்தை வணங்கி, நோயாளியின் உடலிலே அயடீனாற் சிலுவைக் குறியிடுவார். அப்படத்தை அதிகாரிகள் அகற்றியபோது, அது மீண்டும் வரும்வரை வைத்தியசாலைக்கு வரேன் என்று வெளியேறினார் என்றும், அதிகாரம் படைத்த ஒருவர் மனைவிக்கு அவர் கையால் சிகிச்சை தேவைப்பட்டபோது படம் தன் இடத்துக்கு வந்தது என்றும் சொல்வார்கள்.

இன்னொரு நிகழ்ச்சியும் அவர் வரலாற்றை எழுதியோராற் கூறப்படுகிறது. வைத்தியர் சிலர் மீது வேண்டுமென்றே நோயாளிகளைப் புறக்கணித்தனர் என்று தொடரப்பட்ட வழக்கிலே, இவர் நிபுணராகச் சாட்சி சொல்ல நின்றார். குற்றஞ்சாட்டியவர் பீற்றெர்ஸ் என்னும் இரகசியப் பொலீஸ் தலைவர். இரவிலே செபம் செய்துவிட்டுப் பகலிலே மனிதரை வெட்டுகிறீரே என்று அவர் ஏளனமாகக் கேட்டாராம். நான் பிழைக்க வைப்பதற்காக வெட்டுகிறேன். தாங்கள் எதற்காக வெட்டுகிறீர்கள் என்று இவர் திருப்பிக் கேட்டாராம். கண்ணாற் காணாத கடவுளை எப்படி நம்புகிறீர் என்ற அடுத்த கேள்விக்கு, பல முறை மண்டையோட்டைத் திறந்து மூளையைப் பார்த்திருக்கிறேன், அங்கே அறிவையும் கண்டதில்லை, மனச்சாட்சியையும் கண்டதில்லை என்று விடை கூறினாராம்.

1923இல் அவர் துறவு பூண்டார். சுவிசேடம் எழுதிய லூக்கா, வைத்தியர் என்றும் ஓவியர் என்றும் மரபு கூறும். அப்பெயரே இவருக்கு இடப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் 31ஆம் திகதி, தேசாந்தரத் தண்டனையில் வாழ்ந்த மேற்றிராணிமார் இருவர், பென்ஜிகெந்த் என்னும் சிற்றூரிலே, கதவை அடைத்து இரகசியமாக அவரை மேற்றிராணியாராக அபிடேகம் செய்தனர். இரு வாரங்கூட ஆகவில்லை. ஜூன் 10ஆம் திகதி கைது செய்யப்பட்டார்.

விசாரணையிலே, நீர் எங்கள் நண்பரா, எதிரியா என்று கேட்டனர். நண்பனுந்தான், எதிரியுந்தான் என்றார். தாம் கிறிஸ்தவராக இல்லாவிடில் ஒருவேளை பொதுவுடைமைக்காரராகவே ஆகியிருக்கக்கூடும் என்றும், ஆனால் கிறிஸ்தவத்தைத் துன்புறுத்துவோருக்குத் தாம் நண்பராதல் இயலாது என்றும் விளக்கினார். ஏழைகளின் நல்வாழ்வை விரும்பியதிலே அவர் எவருக்கும் பின்னிற்கவில்லை. தமது சமயத்தை விட்டுக்கொடுத்துத்தான் அத்தொண்டைச் செய்ய வேண்டும் என்னும் நிபந்தனையையே அவர் ஏற்கவில்லை.

சிறையிலே அதிகாரி ஒருவர் இரங்கித் தம் மேசையை இரவில் உபயோகிக்க விட்டதனால், சீழ்க்கட்டு நூலின் முதற்பாகத்தை எழுதி முடித்தார். அதன் முகப்பிலே, மேற்றிராணியார் லூக்கா என்னும் பெயரையும் பேராசிரியர் என்னும் பெயரையும் சேர்த்து எழுத அனுமதி வேண்டி, கல்வி மந்திரியாகிய லுனாச்சார்ஸ்கிக்கு விண்ணப்பித்தார். மேற்றிராணியார் ஒருவரின் நூலை அரசாங்கப் பதிப்பகம் வெளியிடாது என்று மறுமொழி வந்தது. அறிவு வேண்டும், அதற்கு உரியவரின் பெயர் வேண்டாம் என்பதே அதன் பொருள். அவர் வாழ்வு முழுவதும் இவ்விடையே பல வடிவங்களில் அவரை எதிர்கொண்டது.

மொஸ்கோவின் சிறைகளைக் கடந்து சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார். யெனிசெய் நதிக்கரையிலே யெனிசெய்ஸ்க், துருகான்ஸ்க் என்னும் ஊர்களில் இருத்தப்பட்டார். எங்கே இருந்தாலும் நோயாளிகள் தேடி வந்தனர். துருகான்ஸ்க் வைத்தியசாலையிலே சிகிச்சை செய்தார், நோயாளிகளை ஆசீர்வதித்தார், ஆலயத்திலே பிரசங்கம் செய்தார். சிகிச்சை செய்யலாம், ஆசீர்வதிக்கலாகாது என்று அதிகாரிகள் கட்டளையிட்டனர். ஆசீர்வாதம் கேட்பவனுக்கு அதை மறுக்க என்னால் இயலாது என்றார். அதன் பலனாக, கடுங்குளிர்காலத்திலே, வடதுருவ வட்டத்துக்கும் அப்பாலுள்ள பிளாகினோ என்னும் சில குடிசைகள் மட்டும் கொண்ட இடத்துக்குச் சறுக்குவண்டியில் அனுப்பினர். அவருடைய குடிசையின் யன்னலிலே கண்ணாடிக்குப் பதிலாகப் பனிக்கட்டிப் பாளங்களை ஒட்டியிருந்தனர். அறையின் மூலையில் விழுந்த பனி உருகாமலே கிடந்தது. அங்கும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். குருவுடை இல்லை; ஒரு துவாயைக் கழுத்திலே தொங்கவிட்டார். மந்திர நூல் இல்லை. நினைவிலிருந்தும் தாமே இயற்றியும் செபங்களைச் சொன்னார்.

இதற்கிடையே துருகான்ஸ்க்கிலே ஒரு குடியானவன் சத்திரசிகிச்சை செய்வாரின்றி இறந்தான். மக்கள் கதிர் வாரும் கவைகளோடும் அரிவாள்களோடும் திரண்டு அதிகாரிகளிடம் சென்றனர். மேற்றிராணியாரை மீள அழைத்தாக வேண்டியதாயிற்று. அதன்பின் அவர் ஆசீர்வதிப்பதை ஒருவரும் தடுக்கவில்லை.

1926ஆம் ஆண்டின் தொடக்கத்திலே தாஷ்கண்டுக்குத் திரும்பினார். பேராசிரியர் பதவியும் இல்லை, வைத்தியசாலையும் இல்லை; வீட்டிலேயே ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தார். 1930ஆம் ஆண்டு மீண்டும் கைதானார். மனம் பேதலித்த பேராசிரியர் ஒருவர் துப்பாக்கியால் உயிரிழந்தார். அவரைச் சமய முறைப்படி அடக்கம் செய்வதற்காக மனைவியார் வேண்ட, அவர் மனநோயாளி என்று இவர் சான்றுச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அது கொலையை மறைக்கும் சூழ்ச்சி என்று குற்றஞ்சாட்டப்பட்டது. இம்முறை வடகடலோரத்து ஆர்க்காங்கெல்ஸ்க், மூன்றாண்டு.

அத்தண்டனை முடிந்தபோது நிகழ்ந்ததையும் ஒளிக்காமற் சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சையிலே அவருக்கிருந்த பற்று அப்போது மேலோங்கிற்று. மறைமாவட்டம் ஒன்றின் பொறுப்பை ஏற்காது, சீழ்நோய்களுக்கென ஒரு சிகிச்சை நிலையம் நிறுவுவதற்கே முயன்றார். அம்முயற்சி கைகூடவில்லை. 1934இல் அவருடைய பெருநூல் வெளிவந்து நாடெங்கும் புகழ்பெற்றது. ஆனால் மத்திய ஆசியாவிலே தொற்றிய காய்ச்சலொன்றினால் இடக்கண் பார்வை கெட்டது. குருத்துவக் கடமையைப் பின்தள்ளிய அந்தச் சில ஆண்டுகளை எண்ணி முதுமைவரை வருந்தினார். அரசாங்கம் வெளியே நின்று அவரைப் பிளக்க முயன்றது போலவே, அந்தப் பிளவு அவர் உள்ளத்திலும் சிலகாலம் தோன்றியது. அதனை அவர் தம் நினைவுக் குறிப்பிலே மறைக்கவில்லை.

1937ஆம் ஆண்டு வந்தது. ருஷ்யா முழுவதும் எண்ணற்ற மக்களும் குருமாரும் கொல்லப்பட்ட ஆண்டு அது. ஜூலை மாதத்தில் மூன்றாம் முறையாகப் பிடிபட்டார். விசாரிப்போர் முறைவைத்து மாறிக்கொண்டிருக்க, விசாரிக்கப்படுபவனை இரவும் பகலும் உறங்கவிடாது நிறுத்தும் கொடுமை அங்கே வழக்கிலிருந்தது. 60 வயதான இவரை 13 நாட்கள் இவ்வாறு வருத்தினர். ஒற்றர் என்றும், நோயாளிகளைச் சத்திரசிகிச்சை மேடையிலே கொன்றவர் என்றும் ஒப்புக்கொள்ளுமாறு வற்புறுத்தினர். அவர் உண்ணாநோன்பு இருந்தார். இரண்டரை ஆண்டுச் சிறைவாசத்தின் பின், 1940இல் ஐந்தாண்டுத் தேசாந்தரம் விதித்து, சைபீரியாவிலே பொல்ஷாயா மூர்த்தா என்னும் ஊருக்கு அனுப்பினர். அங்கிருந்த சிறு வைத்தியசாலையிலே மீண்டும் கத்தியைக் கையிலெடுத்தார்.

1941 ஜூனில் ஜேர்மனியப் படைகள் ருஷ்யாவுக்குட் புகுந்தன. அப்போது அவர் நாட்டின் உயர் தலைவராகிய கலீனினுக்குத் தந்தி அனுப்பினார் என்பர். தாம் தண்டனை பெற்ற மேற்றிராணியார் என்பதை முதலிற் சொல்லி, சீழ்ப்புண் சிகிச்சையிலே தேர்ச்சியுள்ள தம்மைக் காயமுற்ற வீரருக்குப் பயன்படுத்துமாறும், போர் முடிந்தபின் தண்டனைக்குத் திரும்பச் சித்தமாயிருப்பதாகவும் அதிலே கூறினாராம். செப்ரெம்பர் இறுதியிலே கிராஸ்நொயார்ஸ்க் நகரத்து இராணுவ வைத்தியசாலைக்குத் தலைமைச் சத்திரவைத்தியராக அழைக்கப்பட்டார். போர்முனையிலிருந்து வாரக்கணக்கிற் புகைவண்டியிற் கிடந்து, மூட்டுக்களும் எலும்புகளும் சீழ்பிடித்த நிலையிலே வீரர்கள் அங்கு வந்தனர். கைகால்களைத் துணிப்பதைத் தவிர வழியில்லை எனக் கருதப்பட்ட பலரை அவர் நடந்து போகச் செய்தார். நாளொன்றுக்கு எட்டு, ஒன்பது மணிநேரம் நின்று பணியாற்றினார். அக்காலத்திலும் அவர் தண்டனைக் கைதியே. வாரந்தோறும் பொலீஸ் நிலையத்திலே தம்மை முன்னிலைப்படுத்த வேண்டியிருந்தது.

போரின் நெருக்கடி சமயத்தின் மேலிருந்த கட்டுக்களையும் சிறிது தளர்த்தியது. 1942இன் இறுதியில் லூக்கா அந்நகரின் அதிமேற்றிராணியாராக நியமனம் பெற்றார். அவ்வளவு பெரிய நகரிலே வழிபாட்டுக்குத் திறந்த ஆலயம் ஒன்றுகூட இல்லை. 1943இல் நகர்ப்புறத்தே சுடலையோரத்துச் சிற்றாலயம் ஒன்று திறக்கப்பட்டது. வயோதிபரான அவர் சேற்றிலும் பனியிலும் நெடுந்தூரம் நடந்து சென்று அங்கே பூசை செய்தார். 1944இல் தம்போவ் நகருக்கு மாற்றப்பட்டு, அங்கும் இரு பணிகளையும் ஒருங்கே ஆற்றினார்.

1946ஆம் ஆண்டு ஜனவரியில் அவருடைய சீழ்க்கட்டு நூலுக்கும், மூட்டுக் காயங்களைப் பற்றிய நூலுக்குமாக முதற்தர ஸ்டாலின் பரிசு வழங்கப்பட்டது. தொகை 200,000 ரூபிள். அதிலே 130,000 ரூபிளைப் போரினால் அநாதைகளான பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். அதற்குச் சில வாரங்களின் முன், யுத்தகாலச் சேவைக்கான பதக்கம் ஒன்றை அவருக்குச் சூட்டிய வைபவத்திலே அவர் பேசியதைக் கேட்டவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். நூற்றுக்கணக்கானோர் உயிரைக் காத்தேன். காரணமின்றி என்னைப் பிடித்துப் 11 ஆண்டுகள் சிறையிலும் தேசாந்தரத்திலும் அலைக்கழிக்காதிருந்தால் இன்னும் எத்தனையோ பேரைக் காத்திருப்பேன் என்றாராம். சபை திகைத்தது. நடந்ததை மறந்துவிடுங்கள் என்று தலைவர் மெல்லச் சொல்ல, ஒருபோதும் மறவேன் என்றாராம்.

நேயர்களே, இவ்விடை பகைமையிற் பிறந்ததன்று. அவர் பழிவாங்க நினைத்தவரல்லர், நாட்டுக்காக உழைத்தவர், போர்க்காலத்திலே அரசாங்கத்தின் முயற்சிகளை மனமார ஆதரித்து எழுதியவர். ஆயினும், பரிசும் பதக்கமும் கொடுத்தமையால் முன் செய்த அநீதி இல்லாததாகிவிட்டது என்று பாவனை செய்ய அவர் ஒருப்படவில்லை.

1946ஆம் ஆண்டு மே மாதத்தில் தாம் பிறந்த கிரைமியாவுக்கே, சிம்ஃபெரொப்பொல் நகரத்து அதிமேற்றிராணியாராக வந்தார். அங்கே வைத்தியர்களுக்கு விரிவுரை செய்ய அழைத்தவர்கள், அங்கியைக் கழற்றிவிட்டு வருமாறு கேட்டனர். அவர் மறுத்தார். அழைப்புக்களும் நின்றன. பிணியாளர் அவர் வீட்டு வாயிலிலே வரிசையாய் நின்றனர். எவரிடமும் பணம் வாங்காது பார்த்தார். வறியவர்கள் அவர் வீட்டிலே உணவுண்டனர். 1950களின் நடுவிலே இரு கண்களும் ஒளியிழந்தன. பூசை மந்திரங்களை மனப்பாடமாகச் சொன்னார்; மக்களைக் குரலால் அறிந்தார்; தம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்ல, மற்றவர் எழுதினர். அக்காலத்திலே குருஷ்சேவ் அரசாங்கம் மீண்டும் ஆலயங்களை மூடத் தொடங்கியது. பார்வையற்ற அம்முதியவர் ஒவ்வோர் ஆலயத்துக்காகவும் அதிகாரிகளோடு வாதாடினார்.

1961ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, அவர் உயிர் பிரிந்தது. இறுதி ஊர்வலம் பெருந்தெரு வழியாகச் செல்லலாகாது என்று அதிகாரிகள் எண்ணினர். மக்கள் கேட்கவில்லை. தெருவெங்கும் ரோசாப் பூக்களைத் தூவினர். சவப்பெட்டி அப்பூக்களின் மேலாக, மூன்று மணிநேரத்துக்கும் அதிகமாக நகர்ந்து சென்றது. அவரைத் துன்புறுத்திய ஆட்சி 1991இல் மறைந்தது. 1996இல் அவருடைய எச்சங்கள் நகரத்துப் பேராலயத்தில் வைக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டிலே ருஷ்யத் திருச்சபை அவரை அர்ச்சியசிட்டவராகப் பிரகடனம் செய்தது. அதே ஆண்டிலே நீதித்துறையும் அவர் குற்றமற்றவர் என்று அறிவித்தது. அவர் மறைந்து 39 ஆண்டுகளின் பின்னரே சட்டத்தின் வாயிலிருந்து அச்சொல் பிறந்தது.

இவ்வரலாற்றிலே நாம் கொள்ள வேண்டியது யாது? கொடியவர்கள் நல்லவரைத் துன்புறுத்தினர் என்று கூறி முடித்துவிட்டால், அது பாதி உண்மையே ஆகும். அவரை வருத்தியவர்களுக்கு அவருடைய கை வேண்டியிருந்தது. சிலுவையைக் கழற்றிவிட்ட கை மட்டும் வேண்டியிருந்தது. மனிதனைத் துண்டு துண்டாக எடுத்துக்கொள்ளலாம் என்னும் நினைப்பு ஒரு நாட்டுக்கோ, ஒரு கட்சிக்கோ மட்டும் உரியதன்று. ஒருவனுடைய உழைப்பை ஏற்றுக்கொண்டு, அவன் நம்பிக்கையை இகழும் இடங்களிலெல்லாம் அது சிறிய அளவிலேனும் இருக்கிறது. வேலைத்தலங்களிலும், பாடசாலைகளிலும், அயலவர் நடுவிலும் நாம் அதைக் காணலாம்.

லூக்கா அவர்களைப் பார்த்து, அங்கியை ஒருநாள் கழற்றினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டவர்கள் பலர். அவர்கள் எல்லோரும் தீயவர்களல்லர். அவர்மீது அன்புள்ள நண்பரும் அவ்வாறு கேட்டனர். ஆனால் நோயாளியின் பக்கத்திலே இரவெல்லாம் விழித்திருக்கும் பொறுமையை அவருக்குக் கொடுத்ததே அந்த நம்பிக்கைதான். வேரை வெட்டிவிட்டுக் கனியை மட்டும் கேட்பது எவ்வாறு பொருந்தும்? அவருடைய சமயம் நம்முடையதாயினும் ஆகாவிடினும், தம் வாழ்வை இரண்டாகப் பிளக்க இடங்கொடாது அதற்குரிய விலையைப் பனியிலும் இருட்டிலும் செலுத்திய அப்பெரியாரை நாம் மதித்துப் போற்றக் கடமைப்பட்டுள்ளோம். அதைவிட மேலாக, நம் அயலிலே வேறு நம்பிக்கையோடு வாழ்பவனின் கையைப் பற்றும்போது, அவனை முழு மனிதனாகவே ஏற்றுக்கொள்ளப் பழகுவோமாக.